'வருமாம்' என்னும் சொல்லின் அருமை



ஆண்டுதோறும் செப்டம்பர் திங்கள் நெருங்க நெருங்க ஒருவகைக் காய்ச்சல் எங்கும் பரவுகின்றது. ஆப்பிள் நிறுவனம் தன் புதிய ஐபோனைப் பெரும்பாலும் அம்மாதத்தில்தான் அறிமுகப்படுத்துகின்றது. ஆனால், அதைப் பற்றிய பேச்சு சீனப் பெருநாள் விடுமுறையிலேயே தொடங்கிவிடுகின்றது. அது எத்தனை மில்லிமீட்டர் தடிமன், எத்தனை படக்கருவிகள், புத்தகம்போல் மடங்குமா மடங்காதா என்றெல்லாம் பேச்சு நீள்கின்றது. கெடாவின் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் எனக்கு இச்செய்திகள் யாவும் கேட்காமலேயே வந்து சேர்கின்றன. ஏழாம் வாய்பாட்டில் தயங்கி நிற்கும் மாணவன், இன்னும் பிறக்காத கைப்பேசியின் பிறப்புக் குறிப்பை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கின்றான்!

மாணவர்களைக் குறைகூறுவதற்காக நான் இதனை எழுதவில்லை. இந்த வதந்திகளைக் கொண்டே நல்லதொரு தமிழ்ப்பாடம் நடத்தலாம் என்பதைச் சொல்வதற்காகவே எழுதுகின்றேன்.

நம் மொழியில் ஓர் அரிய வசதி இருக்கின்றது. 'புதிய கைப்பேசி வரும்' என்றால், சொல்பவர் உறுதி கூறுகின்றார் என்று பொருள். 'வரலாம்' என்றால், அதற்கு வாய்ப்புண்டு என்று பொருள். 'வந்தது' என்றால், நடந்து முடிந்துவிட்டது. ஆனால், 'வருமாம்' என்றால் என்ன? 'இது என் கூற்றன்று. பிறர் சொல்லக் கேட்டேன். உண்மைக்கு நான் பொறுப்பில்லை' என்னும் மூன்று செய்திகளை அந்த 'ஆம்' என்னும் ஒரே ஒட்டு சொல்லிவிடுகின்றது. 'ஒரு ஊரிலே ஒரு ராஜாவாம்' என்று கதை தொடங்கிய நம் பாட்டிமார்கள், தாங்கள் நேரில் காணாததைக் கண்டதுபோல் சொல்லவில்லை. மலாய்மொழியில் இதே கருத்தைச் சொல்ல 'கொனொன்' என்னும் தனிச்சொல்லைச் சேர்க்க வேண்டும். தமிழிலோ அது வினையோடு வினையாகவே ஒட்டிக்கொள்கின்றது.

வதந்தி என்பது யாது? என் கருத்தில், வாய்க்கு வாய் மாறும்போது 'ஆம்' உதிர்ந்துபோன செய்தியே வதந்தி. முதலாமவர் 'வருமாம்' என்பார். அதைக் கேட்டவர் 'வரும்' என்பார். மூன்றாமவர் 'வருகிறது' என்பார். நான்காமவரோ அதைக் கையில் வைத்துப் பார்த்தவர்போல் பேசுவார்.

கைப்பேசி வதந்திகள் வெறுங்காற்றில் பிறப்பதில்லை. ஒரு கைப்பேசிக்கான உறுப்புகள் பல நாடுகளின் தொழிற்சாலைகளில் செய்யப்படுகின்றன. வெளியீட்டிற்குப் பல மாதங்களுக்கு முன்பே திரைகளும் உறைகளும் உருவாகத் தொடங்குகின்றன. அங்கிருந்து ஒரு படமோ ஓர் அளவோ கசிகின்றது. பங்குச்சந்தை ஆய்வாளர்கள் அதனை வைத்துக் கணிக்கின்றார்கள். இணையத்தளங்கள் வாசகரை ஈர்க்கத் தலைப்பிடுகின்றன. 2010ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில், ஆப்பிள் பொறியாளர் ஒருவர் மதுக்கடை ஒன்றில் தவறவிட்ட சோதனைக் கைப்பேசி, கிஸ்மோடோ என்னும் இணையத்தளத்திற்கு விலைபோயிற்று. ஏப்ரல் மாதத்தில் அத்தளம் வெளியிட்டதைத்தான் ஜூன் மாதத்தில் ஐபோன் 4 என்று உலகமே கண்டது. அந்த 'வருமாம்' மெய்யாயிற்று. 2016இல் ஐபோன் 7இல் செவிப்பொறித் துளை இருக்காது என்று முன்கூட்டியே பரவிய பேச்சும் அவ்வாறே மெய்யாயிற்று.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2011ஆம் ஆண்டில் புதிய வடிவில் ஐபோன் 5 வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவ்வடிவத்தை நம்பி உறைகளைக்கூடச் செய்துவிட்ட வணிகர்கள் உண்டு. அக்டோபர் 4ஆம் நாள் வந்ததோ பழைய வடிவிலேயே அமைந்த ஐபோன் 4எஸ். ஐபோன் 5 மறு ஆண்டு செப்டம்பரில்தான் வந்தது. இன்னும் ஒரு படி மேலே போவோம். கம்பியின்றி மின்னேற்றும் ஏர்பவர் என்னும் தட்டை 2017 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே மேடையேறி அறிவித்தது. 2019 மார்ச்சு மாதத்தில் அத்திட்டத்தைத் தானே கைவிட்டது. ஆக, உரியவரே 'வரும்' என்று சொன்னதும் வராமற் போவதுண்டு.

இவை தவறிப்போன கணிப்புகள். ஏமாற்றுவதற்கென்றே புனையப்பட்டவை வேறு. 2013இல், ஐஓஎஸ் 7 மென்பொருளைப் பதிவேற்றினால் ஐபோன் தண்ணீரில் நனைந்தாலும் கெடாது என்று ஒரு பொய் விளம்பரம் உலவியது. 2014இல், ஐஓஎஸ் 8 இருந்தால் கைப்பேசியை நுண்ணலை அடுப்பில் வைத்தே மின்னேற்றலாம் என்று இன்னொன்று உலவியது. இரண்டையும் நம்பிச் செய்து பார்த்தவர்களும் இருந்தார்களாம். (இங்கே நான் 'ஆம்' சேர்த்திருப்பதைக் கவனியுங்கள்.) மென்பொருளால் ஒரு கருவியின் இடுக்குகளை அடைக்க முடியுமா என்று அறிவியல் பாடத்தில் ஒரு கேள்வி கேட்டால், ஐந்தாம் ஆண்டு மாணவனே இப்பொய்யை உடைத்துவிடுவான்.

எங்கோ அமெரிக்காவில் நடப்பது நமக்கெதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அப்படி எண்ணுவதற்கு இல்லை. கைப்பேசி வதந்தி நம் கெடா மண்ணிலேயே வந்து இறங்கியிருக்கின்றது.

1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவை அறியாதவர் இம்மாநிலத்தில் இல்லை. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, வெள்ளை அங்கியும் முகக்கவசமும் அணிந்து வேலை செய்யும் இடம் அது. அங்கே ஓஸ்ராம் நிறுவனம் 2017இல் ஒளியுமிழ் இருமுனையச் சில்லுகளுக்கான, அதாவது எல்இடி சில்லுகளுக்கான, தொழிற்சாலையைத் திறந்தது. பின்னர் ஏஎம்எஸ் நிறுவனம் ஓஸ்ராமை வாங்கியது. 2022இல் ஏஎம்எஸ் ஓஸ்ராம், கூலிமிலேயே ஏறக்குறைய 800 மில்லியன் யூரோ முதலீட்டில் புதிய தொழிற்சாலையை அமைப்பதாக அறிவித்தது. மைக்ரோ எல்இடி என்னும் புதிய திரைத் தொழில்நுட்பத்திற்கான சில்லுகளும் அங்கே உருவாகவிருந்தன. கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய விளக்குகள் ஒவ்வொன்றும் தானே ஒளிரும் திரை அது. இலட்சக்கணக்கான அவ்விளக்குகளைப் பிழையின்றித் திரையில் பதிப்பதுதான் அதன் பெருஞ்சிக்கல்.

இதே காலத்தில் வதந்தியும் தனிப்பாதையில் வளர்ந்துகொண்டிருந்தது. இத்துறையில் ஈடுபட்டிருந்த லக்ஸ்வியூ என்னும் சிறுநிறுவனத்தை ஆப்பிள் 2014இல் வாங்கியதிலிருந்தே, ஆப்பிள் கருவிகளில் மைக்ரோ எல்இடி திரை வருமாம் என்னும் பேச்சு எழுந்தது. 2018இல் ஆப்பிள் அத்திரையைச் சொந்தமாக உருவாக்குவதாகவும், 2023 சனவரியில் அது முதலில் கைக்கடிகாரத்திலும் பின்னர் ஐபோனிலும் இடம்பெறவிருப்பதாகவும் புளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. கூலிம் தொழிற்சாலைக்கும் அந்தக் கைக்கடிகாரத்திற்கும் ஊடகங்கள் முடிச்சுப் போட்டன. ஏஎம்எஸ் ஓஸ்ராம் தன் வாடிக்கையாளர் யாரென்று பெயர் சொல்லவே இல்லை.

2024 பிப்ரவரி 28ஆம் நாள், மைக்ரோ எல்இடி உத்தியின் அடித்தளமாக விளங்கிய திட்டம் எதிர்பாராத வகையில் நீக்கப்பட்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. 600 முதல் 900 மில்லியன் யூரோ வரையிலான மதிப்பிழப்பைக் கணக்கில் எழுத வேண்டியிருக்கும் என்றும் கூறியது. ஒரே நாளில் அதன் பங்கு விலை மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலாகச் சரிந்தது. ஆப்பிள் தன் கைக்கடிகாரத் திட்டத்தைக் கைவிட்டதாக அடுத்த மாதமே செய்தி வந்தது.

முதலீட்டாளர்கள் கணக்குப் பார்த்துத் தேறிவிடுவார்கள். நான் எண்ணிப் பார்த்ததோ கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரப் பெற்றோர்களை. 'புதிய தொழிற்சாலையில் ஆள் எடுப்பார்களாம்' என்று அவர்கள் பேசிக்கொண்டதை நான் பள்ளி வாசலிலேயே கேட்டிருக்கின்றேன். மகனை எந்தப் பாடப்பிரிவில் சேர்ப்பது, வாடகை வீட்டைத் தொழிற்சாலைக்கு அருகில் மாற்றுவதா என்பன போன்ற முடிவுகளெல்லாம் அந்த 'ஆம்' மீது எழுகின்ற கட்டடங்கள் அல்லவா? கூலிம் பூங்கா படுத்துவிடவில்லை. அதே 2024 ஆகஸ்டில் இன்ஃபினியன் நிறுவனம் அங்கே தன் புதிய மின்திறன் சில்லுத் தொழிற்சாலையின் முதற்கட்டத்தைத் திறந்தது. ஒரு 'வருமாம்' பொய்த்தால் இன்னொன்று மெய்யாகின்றது. எது மெய், எது பொய் என்பதை ஆராயும் பழக்கம் நமக்கு இருக்கின்றதா என்பதே கேள்வி.

'வதந்தியே வேண்டாம், காதைப் பொத்திக்கொள்' என்றும் நான் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அதற்கும் காரணம் உண்டு. நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். 'தோட்டத்தை விற்கிறார்களாம்' என்னும் பேச்சு என் சிறுவயதில் ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரட்டுக்களத்தில் எழும். கிராணியாரிடம் கேட்டால் சிரிப்பார். பெரியவர்கள், 'இதைத்தான் பத்து வருடமாகச் சொல்கிறார்கள்' என்று தேநீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். ஒருநாள் தோட்டம் விற்கத்தான் பட்டது. அந்தப் பத்தாண்டு எச்சரிக்கையைப் பயன்படுத்திச் சிறிய நிலமோ மலிவு வீடோ தேடிக்கொண்ட குடும்பங்கள் மிகச் சிலவே. மற்றவர்கள் இழப்பீட்டுத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு சுங்கை பட்டாணியில் வாடகை வீடு தேடினார்கள். நம்பிக் கெட்டவர் உண்டு. நம்பாமல் கெட்டவரும் உண்டு. இரு சாராரும் செய்யத் தவறியது ஒன்றே: விசாரித்தல்.

சென்ற ஆண்டிறுதியில் ஒரு தாய் என்னைப் பார்க்க வந்தார். கணவர் ஒப்பந்தத் தொழிலாளர். மூத்த மகன் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லவிருந்தான். வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியின் திரை வெடித்துப் போயிருந்தது. கைப்பேசி ஆடம்பரம் என்று பேசுவோர், 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின் நம் வீடுகளில் நிகழ்ந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். இல்லிருப்புக் கற்றலுக்காக மூன்று பிள்ளைகள் ஒரு கைப்பேசிக்குக் காத்திருந்த வீடுகளை நான் அறிவேன். இந்தத் தாயும் சீட்டுப் பிடித்துப் பணம் சேர்த்திருந்தார்.

"டீச்சர், இப்ப வாங்க வேணாங்கிறான். புதுசு வருதாம், வந்தா பழசெல்லாம் விலை கொறையுமாம். காத்திருக்கட்டுமா?" என்று கேட்டார்.

பையனையும் அருகில் அழைத்தேன். "புதுசு வருதுன்னு யாருப்பா சொன்னது?" "யூடியூப்ல, டீச்சர்." "எந்த மாசம்?" "தெரியல." "எவ்வளவு கொறையும்?" "தெரியல." "பள்ளி எப்போ திறக்குது?" அதற்கு மட்டும் சரியான தேதியைச் சொன்னான். தாயும் சிரித்துவிட்டார்.

புதிய கைப்பேசி வந்தபின் பழையது விலை குறைவதுண்டு என்பது உண்மையே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், பள்ளி திறக்கும் நாள் உறுதி. விலை குறையும் நாள் வெறும் 'ஆம்'. உறுதியான தேவையை உறுதியற்ற செய்திக்காக எத்தனை மாதம் தள்ளிப்போடலாம் என்று மட்டும் கேட்டேன். பாடத்திற்கு என்னென்ன வேண்டும் என்று மூவரும் தாளில் எழுதினோம். பாடாங் செராய்க் கடையில் அன்றைக்கு இருந்த ஓர் எளிய கைப்பேசியை வாங்கினார்கள். சீட்டுப் பணத்தில் மீதமும் இருந்தது. பையன் அடுத்த ஆண்டு வரப்போவதைப் பற்றி இன்னமும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றான். இப்பொழுது 'ஆம்' போட்டுப் பேசுகின்றான்!

எதிர்பார்ப்பு என்பதே தவறு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நான் ஆசிரியர் பயிற்சி பெற்றுவந்த 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், எங்கள் கைகளில் நோக்கியா 3310 இருந்தது. தமிழ் விரிவுரைக்குப் போய்வந்த நாங்களே குறுஞ்செய்தியை ஆங்கில எழுத்தில்தான் தட்டினோம். ஒவ்வொரு புதிய கைப்பேசியும் சந்தைக்கு வரும்போது எங்களின் ஒரே கேள்வி, 'இதில் தமிழ் வருமாமா?' என்பதுதான். ஒருங்குறியில் தமிழ் 1991லேயே இடம்பெற்றுவிட்டது. ஆயினும், கைப்பேசித் திரைக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. நம் மலேசியரான முத்து நெடுமாறன், யாரோ கொண்டுவருவார்கள் என்று காத்திருக்கவில்லை. கணினிக்கு முரசு அஞ்சலை உருவாக்கிய அவர், 2005இல் கைப்பேசிக்குச் செல்லினத்தை வெளிக்கொணர்ந்தார். 2013இல் ஐஓஎஸ் 7இல் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைமுகங்களும் ஐபோனிலேயே இடம்பெற்றன. 'வருமாம்' என்பதை 'வந்தது' என்று மாற்றுவதற்கு உழைப்பு ஒன்றே வழி என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் மாணவர்களுக்குக் காட்ட முடியாது.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்து பார்ப்பதற்காக ஓர் எளிய நடவடிக்கையைத் தருகின்றேன். கைப்பேசி பற்றி மாணவர்கள் கேள்விப்பட்ட செய்திகளை ஆளுக்கொரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பின்னர், வெண்பலகையில் 'வந்தது, வரும், வரலாம், வருமாம்' என நான்கு கட்டங்கள் வரைந்து, தாளை எந்தக் கட்டத்தில் ஒட்டுவது என்பதை அவர்களையே முடிவுசெய்ய விடுங்கள். முடிவுசெய்வதற்கு இந்த நான்கு கேள்விகள் உதவும்:

1. முதன்முதலில் சொன்னவர் யார்? அவருக்கு அது எப்படித் தெரியும்?
2. இதை நான் நம்புவதால் யாருக்கு இலாபம்?
3. உரியவர் என்ன சொல்லியிருக்கின்றார்? எங்கே சொல்லியிருக்கின்றார்?
4. இது பொய்யாகிவிட்டால் எனக்கு என்ன இழப்பு?

நாட்டில் உலவும் செய்திகளைச் சரிபார்ப்பதற்காக 2017இல் தொடங்கப்பட்ட 'செபெனார்ஞா' என்னும் அரசாங்க இணையத்தளத்தையும் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தலாம். என் வகுப்பில் 28 தாள்களில் 23 தாள்கள் 'வருமாம்' கட்டத்திற்கே போயின. 'வந்தது' கட்டத்தில் ஒட்டப்பட்டவை இரண்டே!

அன்றைக்கு ஒரு மாணவி கைப்பேசியைப் பற்றி எழுதவில்லை. 'நம் பள்ளியை மூடப் போகிறார்களாம்' என்று எழுதியிருந்தாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் 'குறைந்த மாணவர் எண்ணிக்கைப் பள்ளி' என்பார்கள். தோட்டங்கள் காலியாகக் காலியாக, நம் தமிழ்ப்பள்ளிகள் பலவும் அந்நிலைக்கு வந்துவிட்டன. அத்தகைய பள்ளி எதுவாயினும் இந்தப் பேச்சு அதைச் சுற்றி வரத்தான் செய்கின்றது. நான்கு கேள்விகளையும் மாணவர்களே கேட்டார்கள். தலைமையாசிரியரிடம் சென்று கேட்டு வரவும் இருவரை அனுப்பினார்கள். அப்படி எந்தக் கடிதமும் வரவில்லை என்னும் விடையோடு அவ்விருவரும் ஓடி வந்தார்கள்.

கைப்பேசி வதந்திக்கும் பள்ளி வதந்திக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நான் நம்புவதாலோ நம்பாமல் இருப்பதாலோ ஆப்பிள் நிறுவனம் தன் திட்டத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. பள்ளியின் நிலை அத்தகையதன்று. 'மூடுகிறார்களாம்' என்று கேட்ட பெற்றோர் 'மூடுகிறார்கள்' என்று நம்பி, முதலாம் ஆண்டுப் பிள்ளையை வேறு பள்ளியில் பதிந்துவிடுகின்றார். அடுத்த ஆண்டு இன்னொருவர் அவரைப் பார்த்து அதையே செய்கின்றார். மாணவர் எண்ணிக்கை குறையக் குறைய, பொய்யாகத் தொடங்கிய பேச்சு மெய்யாகிவிடும். பள்ளியை மூடுவதற்கு வேறு யாரும் வேண்டியதில்லை. ஓர் 'ஆம்' உதிர்ந்தாலே போதும்.

ஆகவே, பெற்றோர்களே, அடுத்த கைப்பேசியைப் பற்றி உங்கள் பிள்ளை பரபரப்போடு ஏதாவது சொன்னால் அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். 'வருமா, வருமாமா?' என்று மட்டும் கேளுங்கள். அக்கேள்விக்குப் பழகிய பிள்ளை, நாளை வேலை, வீடு, பள்ளி என்று எதைப் பற்றிய பேச்சு வந்தாலும் அதே கேள்வியைக் கேட்கும். முதலாம் ஆண்டுப் பதிவு குறித்து யாரேனும் உங்களிடம் எதையாவது சொன்னால், அருள்கூர்ந்து பள்ளி அலுவலகத்திற்கு நேரில் வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கதவு திறந்துதான் இருக்கின்றது.